1,200 கோடி வருஷத்துக்கு முந்தைய வெளிச்சம்... 'அலக்நந்தா' கேலக்ஸி கொண்டுவந்த சேதி என்ன? முழு விளக்கம்

புனேயைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2025-ம் ஆண்டின் கடைசியில் ஒரு கேலக்ஸியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பெயர் 'அலக்நந்தா'. பிரபஞ்சம் பிறந்து வெறும் 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்திலேயே, இரண்டு சுருள் கைகளோடு அழகாக உருவாகி நின்ற விண்மீன் மண்டலம் இது.

அவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு ஒழுங்கா? விஞ்ஞானிகளின் கேள்வி இதுதான். நம்முடைய கேள்விகள் வேறு. இது பால்வழியின் இரட்டைப் பிறவியா? பெருவெடிப்புக் கொள்கை பொய்யாகிவிட்டதா? இதில் இஸ்ரோவுக்குப் பங்கு உண்டா? தஞ்சாவூர் வானத்தில் இது தெரியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் கண்டுபிடித்தது?

புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் முனைவர் பட்ட ஆய்வாளர் ராஷி ஜெயின், பேராசிரியர் யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவர். இந்த மையம் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கம். தமிழ்நாட்டுக்கும் இதற்கும் பழைய தொடர்பு உண்டு. ஊட்டியில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் வானொலித் தொலைநோக்கியை நடத்துவது இந்த மையம்தான். அது 1970-லிருந்து இயங்கி வருகிறது.

ஆனால் அலக்நந்தா தெரிந்தது ஊட்டியிலிருந்து அல்ல. 2021 டிசம்பர் 25-ம் தேதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வெப், அமெரிக்கா, ஐரோப்பா, கனடா நாடுகளின் விண்வெளி அமைப்புகளுடைய கூட்டுத் திட்டம். இஸ்ரோவுக்கு இதில் பங்கு இல்லை.

அப்புறம் இந்தியர்கள் கையில் எப்படிக் கிடைத்தது? வெப் எடுத்த அந்தப் படங்கள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டவை. பல்லாயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகளுக்கு நடுவே, மற்றவர்கள் கண்ணில் படாத ஒன்றை இவர்கள் கவனித்தார்கள். ஆய்வுக் கட்டுரை 'அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோபிசிக்ஸ்' என்ற ஐரோப்பிய ஆய்விதழில் வெளியானது.

ஆற்றின் பெயர் ஏன்?

பால்வழிக்கு இந்தியில் 'மந்தாகினி' என்று ஒரு பெயர் உண்டு. உத்தராகண்டில் மந்தாகினி என்றே ஓர் ஆறும் ஓடுகிறது. அது ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்கிறது. பால்வழி மந்தாகினி என்றால், அதைப்போலவே சுருள் வடிவம் கொண்ட தூரத்து உறவுக்கு அலக்நந்தா என்று வைக்கலாமே என்பதுதான் யோசனை.

அலக்நந்தா இன்னும் கீழே வந்து, தேவபிரயாகையில் பாகீரதியோடு சேர்ந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். தமிழிலும் பால்வழிக்கு 'ஆகாய கங்கை' என்ற பெயர் இருக்கிறது. கங்கை நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் ஏரியை ராஜேந்திர சோழன் அமைத்த சேதியைத் திருவாலங்காடு செப்பேடு சொல்கிறது. அந்தக் கணக்கில் அலக்நந்தா சோழ நாட்டுக்குப் புதுசு இல்லை!

சுருள் கேலக்ஸின்னா என்ன?

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள், வாயு, தூசு எல்லாம் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் கூட்டம்தான் கேலக்ஸி. சிலது உருண்டை. சிலது உருவமே இல்லாத குழப்பம். சிலது தட்டையான தட்டு மாதிரி சுழலும். அந்தத் தட்டில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்து செல்லும் கைகள் தெரிந்தால் அது சுருள் கேலக்ஸி. நாம் இருக்கும் பால்வழியும், பக்கத்து வீட்டு ஆண்ட்ரோமெடாவும் இந்த வகைதான்.

அந்தக் கைகள் காற்றாடியின் இறக்கை போலக் கெட்டியான பொருள் இல்லை. தஞ்சாவூர்–திருவாரூர் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகப் போகிறது என்று வையுங்கள். அதன் பின்னால் வண்டிகள் தேங்கும். ஒவ்வொரு வண்டியாக முந்திப் போய்விடும்; புது வண்டிகள் வந்து சேரும். ஆனால் நெரிசல் மட்டும் டிராக்டர் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும். சுருள் கையும் பெரும்பாலும் இப்படி ஒரு நெரிசல்தான். நட்சத்திரங்கள் உள்ளே வரும், வெளியே போகும். அந்த நெரிசலில் வாயு நெருக்கப்படுவதால் அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கும். அதனால்தான் கைகள் பளிச்சென்று தெரிகின்றன.

1,200 கோடி ஆண்டு: இது மேட்டூர் தண்ணீர் கணக்கு

மேட்டூர் அணை திறந்து ஏறத்தாழ மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். 2025-ல் ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். ஜூன் 15-ம் தேதி கல்லணை திறக்கப்பட்டது. கல்லணையில் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது மூன்று நாளுக்கு முன்னால் மேட்டூரை விட்டுக் கிளம்பிய தண்ணீர். இன்று மேட்டூரில் மதகை அடைத்துவிட்டாலும் அது கல்லணையில் இன்றைக்கே தெரியாது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கோ சேதி இன்னும் தாமதம்.

வெளிச்சமும் அப்படித்தான். விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும், சூரியனிலிருந்து நமக்கு வந்து சேர 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒளி ஒரு வருஷம் ஓடும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அலக்நந்தாவிலிருந்து கிளம்பிய வெளிச்சம் சுமார் 1,200 கோடி ஆண்டுகள் ஓடி இப்போதுதான் வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்துக்கு நாம் கடைமடை.

அதாவது நாம் பார்ப்பது இன்றைய அலக்நந்தாவை அல்ல. அது இப்போது எப்படி இருக்கிறது, அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றனவா என்பதெல்லாம் இந்த வெளிச்சத்தில் எழுதப்படாத விஷயம்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். வெளிச்சம் ஓடிவந்துகொண்டிருந்தபோதே பிரபஞ்சம் விரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஓடும்போதே வாய்க்கால் நீண்டுகொண்டே போனால் எப்படி இருக்கும்? அப்படி. இதனால் அலக்நந்தா இன்று இருக்கும் தூரம் சுமார் 2,400 கோடி ஒளியாண்டு. செய்திகளில் வரும் 1,200 கோடி என்பது வெளிச்சம் பயணம் செய்த காலம்.

அந்த விரிவு வெளிச்சத்தையும் சேர்த்து இழுத்துவிட்டது. அலக்நந்தாவிலிருந்து கிளம்பிய ஒளியின் அலைநீளம் சுமார் 5 மடங்கு நீண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியும் நிறமாகப் புறப்பட்டது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வந்து சேர்ந்தது. வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது என்பதால் இது சிக்கியது.

அலக்நந்தா: அடிப்படைத் தகவல்கள்

- வயது: நாம் பார்க்கும் காட்சி, பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதானபோது எடுத்த 'போட்டோ'. பிரபஞ்சத்தின் இன்றைய வயது சுமார் 1,380 கோடி ஆண்டு.
- அகலம்: சுமார் 30 ஆயிரம் ஒளியாண்டு. பால்வழி சுமார் 1 லட்சம் ஒளியாண்டு.
- எடை: அதன் நட்சத்திரங்களை மட்டும் எடை போட்டால், ஆயிரம் கோடி சூரியன்களுக்கு மேல்.
- புதுப் பிறப்பு: ஆண்டுக்கு சுமார் 60 சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள். பால்வழியில் இது இரண்டு சூரியன் அளவுதான்.
- நட்சத்திரங்களின் சராசரி வயது: சுமார் 20 கோடி ஆண்டு.
- உருவம்: நடுவில் சின்ன உப்பல், சுற்றிலும் தட்டு, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற இரண்டு கைகள். கைகள் நெடுக, நூலில் கோத்த மணிகள் மாதிரி நட்சத்திரம் பிறக்கும் இடங்கள்.

இந்தப் பட்டியலே முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. அலக்நந்தா பால்வழியின் இரட்டை அல்ல. உருவத்தில் சாயல் உண்டு. ஆனால் அளவில் சின்னது, சுறுசுறுப்பில் பல மடங்கு பெரியது.

சரி, இதுல என்ன ஆச்சரியம்?

பிரபஞ்சத்தின் மொத்த வயதையும் ஒரு தமிழ் வருஷமாகச் சுருக்கிப் பாருங்கள். பெருவெடிப்பு சித்திரை 1. இன்று பங்குனி கடைசி நாள் நள்ளிரவு.

இந்தக் கணக்கில் நம்ம பூமி பிறந்தது கார்த்திகை மாதக் கடைசியில். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் சுமார் 2,000 ஆண்டுப் பழமையான கல்லணை, பங்குனி கடைசி நாளின் கடைசி ஐந்து விநாடிக்குள் வந்துவிடும். 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்குக் கடைசி இரண்டரை விநாடிதான்.

அலக்நந்தா? வைகாசி 10 வாக்கில். மேட்டூர் திறக்கும் நாள் வருவதற்கு முன்பே அது இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டது. அதன் நட்சத்திரங்களின் சராசரி வயதோ இந்தக் காலண்டரில் ஐந்தாறு நாள்தான்.

அந்தக் காலத்துக் கேலக்ஸிகள் இப்படி இருக்காது என்றுதான் விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். சின்னச் சின்னக் கட்டிகளாக, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, உள்ளே வாயு கொந்தளித்துக்கொண்டு கிடக்கும் என்பது பழைய படம். கொந்தளிப்பு அடங்கி, தட்டு சீராகி, அதில் கைகள் எழும்ப இன்னும் பல நூறு கோடி ஆண்டுகள் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நம் சூரியன் பால்வழியை ஒரு முறை சுற்றிவரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அலக்நந்தாவின் பெரும்பகுதி நட்சத்திரங்கள் அந்த ஒரு சுற்றுக்கான நேரத்துக்குள் பிறந்து, தட்டில் அடுக்கப்பட்டு, கைகளாகவும் வரிசை கட்டியிருக்கின்றன.

இவ்வளவு சீக்கிரம் எப்படி?

இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

ஒன்று, நிதானமான பாசனம். பிரபஞ்சத்தில் குளிர்ந்த வாயு இழை இழையாக ஓடி கேலக்ஸிகளில் வந்து விழுகிறது. வாய்க்காலில் அளவாக வரும் தண்ணீர் வயலைச் சேதப்படுத்தாமல் நிரப்புவது போல, இந்த வாயு தட்டைக் கலைக்காமல் வளர்த்திருக்கலாம். அப்படி வளர்ந்த அமைதியான தட்டில் சுருள் நெரிசல் தானாகவே எழும்பும்.

இன்னொன்று, வெளியாள் வேலை. பக்கத்தில் ஒரு சின்ன கேலக்ஸி உரசிக்கொண்டு போயிருந்தால், அதன் ஈர்ப்பு தட்டை இழுத்துவிட்டு இரண்டு கைகளை உண்டாக்கியிருக்கும். அப்படி வந்த கைகள் நீண்ட நாள் நிற்காது.

எது நடந்தது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தட்டு எவ்வளவு சீராகச் சுழல்கிறது, உள்ளே எவ்வளவு கொந்தளிப்பு இருக்கிறது என்று அளந்தால்தான் விடை.

பெருவெடிப்புக் கொள்கை தப்பா?

இல்லை. அலக்நந்தா கேள்வி கேட்பது பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்பதைப் பற்றி அல்ல. தொடங்கிய பிறகு கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாக ஒழுங்குக்கு வந்தன என்பதைப் பற்றி. நாற்று விட்டு எத்தனை நாளில் கதிர் வரும் என்ற கணக்கில் பிசகு வந்தால், விதையே போடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் இல்லையா? அது மாதிரிதான்.

'உலகின் முதல்', 'மிகத் தொலைவான' என்ற அடைமொழிகளும் இதற்குப் பொருந்தாது. இதே வயதை ஒட்டிய இன்னொரு சுருள் கேலக்ஸியை 2021-லேயே சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி மூலம் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பிரபஞ்சத்துக்கு 100 கோடி வயதான காலத்தைச் சேர்ந்த 'ஜூலோங்' என்ற சுருள் கேலக்ஸி 2025-ல் அறிவிக்கப்பட்டது. அலக்நந்தாவின் தனிச்சிறப்பு, அவ்வளவு ஆரம்ப காலத்தில் இவ்வளவு தெளிவாக, சமச்சீராக இரண்டு கைகள் தெரிவதுதான். ஒன்று கிடைத்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தால் பழைய படத்தைத் திருத்தியே ஆகவேண்டும்.

இன்னும் உறுதியாக வேண்டியது

ஒரு விஷயத்தில் நிதானம் தேவை. அலக்நந்தாவின் தூரம் 21 விதமான நிற வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டது. நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்லும் அனுபவசாலிகள் டெல்டாவில் உண்டு. பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். ஆனால் கொள்முதல் நிலையத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். வானியலில் அந்த மீட்டர், ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளப்பது. 21 வடிகட்டிகள் என்பது வழக்கத்தைவிட மிக அதிகம் என்பதால் கணக்கில் பெரிய பிசகுக்கு வாய்ப்பு குறைவு. இருந்தாலும் கடைசி முத்திரை நிறமாலைதான்.

தஞ்சாவூரிலிருந்து தெரியுமா?

வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெப் தொலைநோக்கிக்கே ஒரு கைத்தாங்கல் கிடைத்தது. அலக்நந்தாவுக்கும் நமக்கும் நடுவில் 'ஏபெல் 2744' என்ற பெரிய கேலக்ஸிக் கூட்டம் இருக்கிறது. ஐன்ஸ்டைன் சொன்னபடி, அதன் எடை பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடி போல வேலை செய்கிறது. அதனால் அலக்நந்தா ஏறத்தாழ இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரிந்தது.

ஆனால் திசையைக் காட்டலாம். அது 'ஸ்கல்ப்டர்', அதாவது சிற்பி என்று பொருள்படும் விண்மீன் குழுவின் பக்கம். டிசம்பர் தொடக்கத்தில் இரவு எட்டு மணி வாக்கில், தஞ்சாவூரில் தெற்கு நோக்கி நின்றால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதிக்குச் சற்று மேலே அந்த இடம் வரும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மேகம் விட்டால்தான் உண்டு!

ஒரு சுருள் கேலக்ஸியைக் கண்ணாலேயே பார்க்க ஆசையா? தை மாதம் சம்பா அறுவடை நேரம், நிலா இல்லாத முன்னிரவில், ஊர் விளக்குகளுக்குத் தள்ளி வயல்பக்கம் போய் வடமேற்கு வானத்தைப் பாருங்கள். மங்கலான சின்ன வெண்புகை போல ஆண்ட்ரோமெடா தெரியும். அந்த வெளிச்சம் கிளம்பி சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இதனால நமக்கு என்ன?

நெல் விலை ஏறாது. மேட்டூர் நீர்மட்டமும் உயராது. அது உண்மை.

ஆனால் நம் ரத்தத்தில் உள்ள இரும்பு, எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து, நெல் உமியில் உள்ள சிலிக்கா எல்லாமே நட்சத்திரங்களுக்குள் உருவாகி, அவை வெடித்துச் சிதறியபோது வெளியே வந்தவை. நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்து செத்தால்தான் பாறைக் கோள்களுக்கான மூலப்பொருள் சேரும். ஆண்டுக்கு 60 சூரியன் என்ற வேகத்தில் ஒரு கேலக்ஸி வைகாசியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது என்றால், பூமி மாதிரியான இடங்கள் எப்போதிலிருந்து சாத்தியம் என்ற கணக்கையும் முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பல ஆயிரம் கோடி ரூபாய் செலவில் பிற நாடுகள் கட்டிய தொலைநோக்கியின் படங்களில், புனேயில் இருந்தபடி ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரும் அவருடைய பேராசிரியரும் இதைக் கண்டார்கள். அதே படங்கள் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இயற்பியல் படிக்கும் மாணவருக்கும் திறந்தே கிடக்கின்றன. தேவை ஒரு கணினி, இணையம், கொஞ்சம் நிரல் எழுதும் பயிற்சி, எதைத் தேடுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு வழிகாட்டி. முதல் மூன்றும் டெல்டாவில் கிடைக்கும். நான்காவதை உருவாக்குவதுதான் நம் கல்லூரிகளுக்கு முன்னால் இருக்கும் வேலை.

அடுத்து என்ன?

வெப் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியாலோ ஆல்மா தொலைநோக்கியாலோ அலக்நந்தாவின் சுழற்சியை அளக்க வேண்டும். தட்டு அமைதியாகச் சுழல்கிறது என்று தெரிந்தால், கைகள் தானாக எழும்பின என்ற வாதம் வலுப்படும். கொந்தளிப்பு அதிகம் என்று தெரிந்தால், உரசிவிட்டுப் போன கேலக்ஸி எது என்று தேட வேண்டியிருக்கும். எந்த விடை வந்தாலும், கேலக்ஸிகள் ஒழுங்குக்கு வர எவ்வளவு நேரம் தேவை என்ற கணக்கைத் திருத்த அது உதவும்.